குல்லா வைத்த ஸ்வெட்டர் பின்னுவது: வீட்டு ஆளுக்காக ஊசி எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் நான் வளர்ந்த வீட்டில் ஸ்வெட்டர் என்றால் அம்மா கையால் பின்னியதுதான். ஏழாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் என் கையில் ஊசியைக் கொடுத்தார். அன்றிலிருந்து தம்பிக்கு, கணவருக்கு, மகளுக்கு என்று பின்னிக்கொண்டே இருக்கிறேன். டொரண்டோவில் இருக்கும் பேரனுக்குக் கழுத்தோடு சேர்ந்த குல்லா (ஹூட்) வைத்து ஒன்று பின்னி அனுப்பிய பிறகு, பக்கத்து வீட்டிலும் சொந்தத்திலும் கேள்விகள் வரத் தொடங்கின. அடிக்கடி வந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கணக்கு வரும் இடங்களில் எல்லாம் அந்தப் பேரனின் அளவையே வைத்திருக்கிறேன்: வயது 6, மார்புச் சுற்று 60 செ.மீ., தலைச் சுற்று 52 செ.மீ.

இதுவரை மப்ளர் மட்டும்தான் பின்னியிருக்கிறேன். இது என்னால் ஆகுமா?

ஆகும். நிட் (நேர்ப் பின்னல்), பர்ல் (எதிர்ப் பின்னல்), கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் சுருக்கு) கூட்டுவது, கண்ணி குறைப்பது, இந்த நான்கும் தெரிந்தால் போதும். குல்லா என்பது கிட்டத்தட்ட ஒரு அகல மப்ளரை இரண்டாக மடித்து மேலே மூடியது போலத்தான். மப்ளரில் அளவு நாலு விரல் கூடினாலும் குறைந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஸ்வெட்டரில் அது நடக்காது. ஆகவே கை வேகத்தைவிட இஞ்சி டேப்பும் ஒரு நோட்டும்தான் உங்களுக்கு முக்கியம்.

எந்த நூல் வாங்குவது? கடையில் எல்லாமே ‘உல்லன்’ என்கிறார்களே?

நம் ஊர்க் கடைகளில் ‘உல்லன்’ என்று விற்கும் உருண்டைகளில் பெரும்பாலானவை அக்ரிலிக் என்ற செயற்கை இழை. லூதியானா ஆலைகளிலிருந்து வருபவை. அக்ரிலிக் என்றாலே மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். விலை குறைவு, பூச்சி அரிக்காது, குத்தாது, மெஷினில் போடலாம். ஆனால் வியர்வையை வாங்காது. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை ஈரத்தை இழுத்துக்கொண்டும் தொட்டால் உலர்வாகவே இருக்கும். ஓடியாடி வேர்த்துவிட்டுப் பனியில் நிற்கிற பிள்ளைக்கு இது பெரிய வித்தியாசம். இன்னொன்று, கம்பளி எளிதில் தீப்பிடிக்காது, அக்ரிலிக் உருகி ஒட்டும். வீட்டில் கணப்பு மூட்டி அதைச் சுற்றி உட்காரும் வழக்கம் இருந்தால் இதைக் கட்டாயம் யோசியுங்கள்.

நூலைத் தொட்டுப் பார்க்கும்முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இதைத் துவைக்கப்போவது யார்? பேரனுக்கு நான் முதலில் பின்னியது சுத்தக் கம்பளி. வேலைக்கும் போய்க் கைக்குழந்தையையும் பார்க்கும் என் மகள், மற்ற துணிகளோடு சேர்த்து வெந்நீர் மெஷினில் போட்டுவிட்டாள். வெளியே வந்தது பொம்மைக்குத்தான் பொருந்தும். கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற அடுக்கு உண்டு. சூடும் ஈரமும் உராய்வும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகிவிடும். திரும்பப் பிரிக்க முடியாது. அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. யார் துவைப்பார்கள் என்று நான்தான் கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது முறை ‘சூப்பர்வாஷ்’ கம்பளி வாங்கினேன். செதிலை வேதிமுறையில் மழுக்கி, மேலே மெல்லிய பூச்சு கொடுத்த நூல் அது. மெஷினில் சுருங்காது. ஆனால் நனைந்தால் தொங்கி நீளும். அதற்குக் கீழே வழி சொல்கிறேன்.

குல்லாவின் ஓரம் கன்னத்தையும் நெற்றியையும் உரசிக்கொண்டே இருக்கும் என்பதால், நூலைக் கையில் தொட்டுப் பார்ப்பது போதாது. உருண்டையைக் கழுத்துக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். அங்கே குத்தாத நூல் முகத்தில் குத்தாது.

நம் மலையிலேயே கம்பளி ஆடு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஊட்டி பக்கம் சாண்டிநல்லா பண்ணையில் நீலகிரி ஆட்டையும் மெரினோவையும் கலந்து ‘சாண்டினோ’ என்ற இனத்தை உருவாக்கினார்கள். கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இருக்கிறது. அங்கே ‘பாரத் மெரினோ’ வளர்க்கிறார்கள். அந்தக் கம்பளி நம் கடை உருண்டைகளாக நிறைய வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எவ்வளவு நூல் வேண்டும்?

4 மி.மீ. ஊசிக்கு ஏற்ற நடுத்தர நூலில், 6 வயதுப் பிள்ளைக்கு 350 முதல் 400 கிராம். வளர்ந்த ஆணுக்கு 750 கிராமுக்குக் குறையாமல் வாங்குங்கள். குல்லா மட்டுமே மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சாப்பிடும். சாதாரண ஸ்வெட்டருக்கு வாங்கும் கணக்கில் வாங்கிவிட்டு, பாதிக் குல்லாவில் நூல் தீர்ந்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். லேபிளில் உள்ள லாட் நம்பர் எல்லா உருண்டையிலும் ஒன்றாக இருக்கட்டும். சாயம் வேறு தொட்டி என்றால், வீட்டு விளக்கில் ஒன்றாகத் தெரியும் நிறம் வெயிலில் பட்டை பட்டையாகத் தெரியும். ஒரு உருண்டை கூடுதலாக வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை வளரும்போது கை நீட்ட அது வேண்டியிருக்கும்.

ஊசி நம்பர் குழப்புகிறது. 8 நம்பர் என்றால் என்ன தடிமன்?

நம் கடைகளில் பழைய பிரிட்டிஷ் கணக்கு. நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8 நம்பர் 4 மி.மீ., 10 நம்பர் 3.25 மி.மீ., 12 நம்பர் 2.75 மி.மீ. அமெரிக்கக் கணக்கு நேர் எதிர், நம்பர் ஏற ஏற தடிக்கும். அங்கே 8 என்றால் 5 மி.மீ. வெளிநாட்டிலிருந்து யாராவது பின்னல் மாதிரி (பேட்டர்ன்) அனுப்பினால் நம்பரை நம்பாமல் மில்லிமீட்டரைக் கேளுங்கள். உடலுக்கு 8 நம்பரும் பார்டருக்கு (விளிம்புப் பட்டைக்கு) 10 நம்பரும் நான் வழக்கமாக எடுப்பது. முழு ஸ்வெட்டரும் ஒரே துண்டாக ஊசியில் ஏறும் என்பதால், நடுவில் ஒயர் வைத்த 80 செ.மீ. வட்ட ஊசி இருந்தால் பாரம் மடியில் உட்கார்ந்துகொள்ளும், மணிக்கட்டு வலிக்காது.

முதலில் சின்னத் துண்டு பின்னிப் பார்க்கச் சொல்கிறார்கள். நேரே ஆரம்பித்தால் என்ன?

என்ன ஆகும் என்று கணக்கே சொல்லும். மாதிரி 10 செ.மீ.க்கு 22 கண்ணி என்கிறது. பேரனின் மார்பு 60-உடன் தளர்வுக்கு 12 சேர்த்த 72 செ.மீ. சுற்றுக்கு 158 கண்ணி. உங்கள் கை கொஞ்சம் தளர்வு, 20 கண்ணிதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 158 கண்ணி 79 செ.மீ. ஆகிவிடும். 10 செ.மீ.யில் வெறும் இரண்டு கண்ணி வித்தியாசம், உடம்பில் 7 செ.மீ. தொளதொளப்பு.

15 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு பின்னி, பிறகு எப்படித் துவைக்கப் போகிறார்களோ அப்படியே துவைத்துக் காயவைத்து, நடுவில் 10 செ.மீ.யை அளந்து கண்ணியையும் வரிசையையும் எண்ணுங்கள். சூப்பர்வாஷ் நீளுமா, எவ்வளவு நீளும் என்பது இந்தத் துவைப்பில் தெரிந்துவிடும். கண்ணி கூடுதலாக வந்தால் ஒரு சுற்று தடித்த ஊசி, குறைவாக வந்தால் மெல்லிய ஊசி. கையை இறுக்கியோ தளர்த்தியோ சரிசெய்யப் பார்க்காதீர்கள். பத்து வரிசைக்குள் கை தன் பழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

பிள்ளை வெளிநாட்டில். நேரில் அளவெடுக்க முடியாது. ‘6 வயது சைஸ்’ என்று பின்னிவிடலாமா?

வேண்டாம். வயதுக்கு அளவு கிடையாது. எங்கள் வீட்டிலேயே ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு மார்பில் 6 செ.மீ. வித்தியாசம். இப்போது அவனுக்குச் சரியாக இருக்கும் ஒரு ஸ்வெட்டரைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை, அக்குளிலிருந்து கீழ் விளிம்பு வரை, அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். பிள்ளையை நிற்கவைத்து அளப்பதைவிட இது நம்பகமானது, பிள்ளை நெளியாது.

தலையை மட்டும் நேரில்தான் அளக்க வேண்டும். வீடியோ அழைப்பில் என் மகளிடம் இப்படிச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் நெற்றியைச் சுற்றித் தலைச் சுற்று. அடுத்து, ஒரு பக்கக் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் டேப்பை வைத்து, காதை ஒட்டி உச்சந்தலைக்கு மேலே கொண்டுபோய், மறுபக்கக் கழுத்தடி வரை. இந்த இரண்டாவது அளவை எடுக்கும்போது பிள்ளை குனிந்து தன் காலைப் பார்க்க வேண்டும்.

ஏன் குனிய வேண்டும்?

குல்லா வைத்து நான் முதலில் பின்னியது, தம்பி டெல்லிக்கு வேலைக்குப் போனபோது. தலையை நிமிர்த்தி நிற்கவைத்து அளந்தேன். போட்டுப் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. டெல்லியில் முதல் குளிரில் செருப்பு வார் மாட்டக் குனிந்தபோதெல்லாம் குல்லா பின்னால் இழுத்துக்கொண்டு, முன்கழுத்து தொண்டையை நெரித்தது. அதன் பிறகு அவன் குல்லாவைத் தலையில் போடவே இல்லை, முதுகில் தொங்கவிட்டே நான்கு குளிர்காலம் ஓட்டினான். ‘அக்கா, நல்லா இருக்குக்கா’ என்று மட்டும் சொல்வான். ஊருக்கு வந்தபோது நானே பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்றே குல்லாவைப் பிரித்து, 4 செ.மீ. உயரம் கூட்டி மறுபடி பின்னினேன்.

குனிந்த நிலையில் எடுத்த அளவின் பாதியோடு 2 செ.மீ. சேர்த்தால் அதுதான் குல்லாவின் உயரம். பேரனுக்கு 29 செ.மீ. வந்தது. பெரியவர்களுக்கு 34, 35 செ.மீ. ஆகும்.

மேலிருந்து கீழே பின்னுவதா, கீழிருந்து மேலேயா?

அம்மா கீழிருந்து, முன்னும் பின்னும் தனித்தனித் துண்டாகப் பின்னித் தைப்பார். உறுதியான முறை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வளரும் பிள்ளைக்கு நான் கழுத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்குவேன். அடுத்த வருடம் பார்டரைப் பிரித்து 5 செ.மீ. நீட்ட முடியும். நடுவே தையலும் கிடையாது.

அளவுக்கு எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) என்ற பின்னல்காரர் பரப்பிய விழுக்காட்டுக் கணக்குதான் எனக்கு ஆதாரம். மார்புக் கண்ணி 100 என்றால் மேல்கை ஏறத்தாழ 33, மணிக்கட்டு 20, கழுத்து 40. குல்லா வைக்கும்போது கழுத்து 40 போதாது, 45-க்கு மேல் வையுங்கள் என்பது என் அனுபவம். இறுகிய கழுத்தில் குல்லாவை வைத்தால் கழுத்துப்பட்டை போல நிற்கும்.

முன்பக்கம் ஜிப் வைத்துத் திறக்கும் ஸ்வெட்டர், பேரனுக்கு இப்படி அமைந்தது. மார்பு 60, தளர்வுக்கு 12 சேர்த்து 72 செ.மீ., அதாவது 158 கண்ணி. கழுத்துக்கு 76 கண்ணி போட்டேன். அதை முன்பக்கம் 16, கை 6, முதுகு 32, கை 6, முன்பக்கம் 16 என்று பிரித்து, பிரியும் நான்கு இடத்திலும் வேறு நிற நூலில் ஒரு வளையம். ஒவ்வொரு வலப்பக்க (வெளியே தெரியும் பக்கத்து) வரிசையிலும் ஒவ்வொரு வளையத்துக்கு முன்னும் பின்னும் ஒரு கண்ணி கூட்ட வேண்டும், வரிசைக்கு 8. இப்படி 20 முறை, 40 வரிசை, 14 செ.மீ. ஆழம். இப்போது கை 46 கண்ணி. அதைத் தனி நூலில் கோத்து நிறுத்திவிட்டு, ஒவ்வொரு அக்குளிலும் 7 கண்ணி புதிதாகப் போட்டு உடலைச் சேர்த்தால் சரியாக 158 வரும். கையை மறுபடி எடுக்கும்போது அந்த 7-ஐயும் சேர்த்து 53. ஆறு வரிசைக்கு ஒருமுறை 2 கண்ணி, பத்து முறை குறைத்தால் 33-இல் மணிக்கட்டு. உங்கள் ஆளின் அளவை வைத்து இதே கணக்கைப் போடுங்கள், என் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள்.

குல்லாவை எப்படிப் பின்னுவது? கூம்பாக நிற்காமல் தலையோடு ஒட்டி வருமா?

பலரும் செவ்வகமாகப் பின்னி மடித்து உச்சியைத் தைத்துவிடுகிறார்கள். கைக்குழந்தைக்கு அந்தக் கூம்பு அழகு. பெரிய பிள்ளைக்கும் பெரியவர்களுக்கும் பின்னந்தலையில் காற்று புகும் காலியிடம் அது. மண்டை உருண்டை, நூலும் அப்படியே வளைய வேண்டும்.

உடல் முடிந்து, ஒருமுறை துவைத்துக் காய்ந்த பிறகு கழுத்து விளிம்பில் 76 கண்ணியை எடுங்கள். முதல் வரிசையில் சீராக 18 கண்ணி கூட்டினால் 94. பிறகு முதுகின் நடுக் கண்ணிகள் இரண்டின் இருபுறமும் வலப்பக்க வரிசைதோறும் ஒவ்வொன்று, எட்டு முறை. 110 ஆகும், அதாவது 50 செ.மீ. இது 52 செ.மீ. தலைச் சுற்றுக்குச் சரி, ஏனென்றால் முகம் திறந்துதானே இருக்கிறது. கழுத்திலிருந்து பின்னந்தலை புடைக்கும் வளைவு இந்தக் கூட்டலில் கிடைக்கிறது. அப்படியே நேராகப் பின்னிக்கொண்டு போங்கள். உயரம் 24 செ.மீ. வந்ததும் அதே நடுக் கண்ணிகளின் இருபுறமும் வலப்பக்க வரிசைதோறும் ஒவ்வொன்று குறையுங்கள், ஏழு முறை. 96 மிஞ்சும். 48, 48 ஆக இரண்டு ஊசியில் பிரித்து, வலப்பக்கங்கள் உள்ளே பார்க்க ஒன்றாகப் பிடித்து, மூன்றாவது ஊசியால் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கண்ணியைச் சேர்த்துப் பின்னி மூடுங்கள். தைப்பதைவிட இது தட்டையாக வரும், உச்சியில் மேடு உறுத்தாது.

முகத்தைச் சுற்றிய ஓரத்துக்கு 10 நம்பர் ஊசியில் 2 செ.மீ. பார்டர். அதைக் கொஞ்சம் இறுக்கமாக மூடினால் குல்லா தானாகவே முகத்தை அணைத்துக்கொள்ளும்.

இனி யாரும் சொல்லித் தராத ஒன்று. குல்லா 80 கிராம் இருக்கும், முதுகில் தொங்கும்போது அத்தனையும் பின்கழுத்தைப் பிடித்து இழுக்கும். சில மாதத்தில் கழுத்து அகன்று, ஸ்வெட்டரே பின்னால் சரியும். அதனால்தான் கழுத்தில் கண்ணியைத் தற்காலிக நூலில் போட்டுப் பிறகு தொடரச் சொல்லும் மாதிரிகளை நான் பின்பற்றுவதில்லை. சாதாரணமாக, கெட்டியாகக் கண்ணி போட்டு, அந்த விளிம்பிலிருந்து எடுக்கிறேன். அந்த விளிம்பு கயிறு போலத் தாங்கும். கூடவே, உள்பக்கம் பின்கழுத்து நெடுக ஒரு விரல் அகல பருத்தி நாடாவைக் கையால் தைத்துவிடுங்கள். பின்கழுத்தை முன்கழுத்தைவிட இரண்டு செ.மீ. உயர்த்துவதும் உதவும். அதற்குக் கழுத்தில் நான்கைந்து வரிசைகளை முன்பக்கம் வரை முடிக்காமல், முதுகும் கையும் மட்டும் போய்ப் பாதியில் திரும்பிப் பின்ன வேண்டும்.

குல்லாவுக்குக் கயிறு கோக்கலாமா? கயிறு இருந்தால்தானே அழகு?

பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. சறுக்கு மரத்தின் இடுக்கில் கயிற்று முனை மாட்டி, கீழே சறுக்கும் பிள்ளையின் கழுத்து இறுகி உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பிரிட்டன் 1976-லேயே பிள்ளைகளின் மேலுடைக் குல்லாவில் கயிறு கோத்து விற்பதற்கு எதிராக விதி கொண்டுவந்தது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996-இல் குல்லாவிலும் கழுத்திலும் கயிறு வேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஐரோப்பியத் தரவிதியும் 7 வயதுக்கு உட்பட்டவர்களின் ஆடையில் இதை அனுமதிப்பதில்லை. கடையில் விற்பவர்களுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், பாட்டி கையால் பின்னியதில் மட்டும் கயிறு ஏன்? குஞ்சலமும் வேண்டாம். காற்றில் குல்லா விழாமல் இருக்கத்தான் இறுக்கமான பார்டர்.

கைக்குழந்தை தூங்கும்போது குல்லா வைத்த எதையும் போட்டுவிடாதீர்கள். முகத்தை மூடிவிடும், உடம்பு அளவுக்கு மீறிச் சூடேறும்.

ஜிப் வைப்பதா, பட்டன் வைப்பதா, தலைவழியாகப் போடுவதா?

தலைவழிப் போடும் வகையில் கழுத்திலிருந்து 10, 12 செ.மீ. திறப்பு விட வேண்டும், இல்லாவிட்டால் தலை நுழையாது. மூன்று வயதுக்குக் கீழே பட்டனைத் தவிர்ப்பது நல்லது, பிய்த்து வாயில் போடுவார்கள். தாத்தாவுக்கோ மூட்டுவலி உள்ள யாருக்கோ என்றால், பெரிய பட்டனும் தாராளமான காஜாவும் வையுங்கள்.

கையுறையோடு பள்ளிக்குப் போகும் பேரனுக்கு ஜிப். ஜிப்பை முதலிலேயே வாங்கிவிடாதீர்கள். ஸ்வெட்டரைத் துவைத்துக் காயவைத்து, முன் ஓரத்தை அளந்து, அந்த நீளத்துக்கு வாங்குங்கள். மூடிய ஜிப்பின் மேல் இரண்டு ஓரத்தையும் ஊக்கால் குத்தி, நூலோட்டம் போட்டு நிறுத்தி, பிறகு ஜிப்பைத் திறந்து கையால் தையுங்கள். பின்னலை இழுத்துக்கொண்டு தைத்தால் முன்பக்கம் அலை அலையாக நிற்கும். தாடையில் இடிக்காமலிருக்க மேல்முனையில் ஒரு சின்னத் துணி மடிப்பு.

பாக்கெட்?

வையுங்கள், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் வயிற்றில் ஒட்டிய பெரிய பாக்கெட்டில் கல்லும் பொம்மைக் காரும் சேர்ந்து ஸ்வெட்டரையே இழுத்துவிடும். இரண்டு பக்கமும் சின்னதாக இரண்டு வைப்பதே மேல்.

எத்தனை நாள் ஆகும்?

பேரனுடையதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30,000 கண்ணிக்கு மேல் வந்தது. நிமிடத்துக்கு 20 கண்ணி போடும் கைக்கு 25 மணி நேரம் பின்னல் மட்டும். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வாரம், தையலும் பிரித்துப் பின்னுவதும் சேர்த்து மூன்று வாரம். டிசம்பர் குளிருக்கு வேண்டுமென்றால் தீபாவளிக்கு முன்னால் நூல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். தபாலில் அனுப்புவதானால் இன்னும் முன்னால்.

எப்படித் துவைப்பது, எப்படி எடுத்துவைப்பது?

வெதுவெதுப்பைவிடக் குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, பத்து நிமிட ஊறல். கசக்காமல் அமுக்கி எடுத்து, அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். முறுக்கிப் பிழியாதீர்கள். பெரிய துண்டில் வைத்துப் பாய் போலச் சுருட்டி, மேலே ஏறி நின்றால் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும். கொடியில் தொங்கவிடக் கூடாது, ஈரக் குல்லாவின் பாரம் கழுத்தைக் கெடுக்கும். கயிற்றுக் கட்டிலில் விரித்துப் போடுங்கள். குல்லாவுக்குள் உலர்ந்த துணியைப் பந்தாக வைத்தால் வடிவம் நிற்கும், உள்பக்கமும் சீக்கிரம் காயும். அக்ரிலிக்கில் இஸ்திரி படவே கூடாது, ஒருமுறை பட்டால் உயிரற்றுத் தொங்கும்.

பெட்டியில் வைக்கும்முன் துவைத்து வையுங்கள். கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவுக்கு வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் உள்ள இடம்தான் முதல் விருந்து. வேப்பிலை வையுங்கள், ஆனால் அழுக்கோடு வைத்துவிட்டு வேப்பிலையை நம்பாதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி வெயிலில் காட்டுவது அதைவிட நல்ல காவல்.

இவ்வளவு பாடுபட்டுப் பின்னி, போட மாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

சொல்வார்கள், அதுவும் பதின்வயதில் கட்டாயம் சொல்வார்கள். ஊசி எடுக்கும்முன் நிறத்தை அவர்களையே கேளுங்கள். என் கணவர் 30 வருடம் சாம்பல் நிறம்தான் போடுவேன் என்றார், நான் மெரூன் பின்னிய ஒன்று பெட்டியிலேயே கிடந்தது. பேரன் பச்சை கேட்டான். சாதாரணப் பச்சை இல்லை, தவளைப் பச்சை. எனக்குக் கண் கூசியது, ஆனாலும் அதையே பின்னினேன். தூங்கும்போது மட்டும் கழற்றுகிறான் என்கிறாள் மகள்.

காரணத்தையும் கேளுங்கள். குத்துகிறதா, கழுத்து இறுக்குகிறதா, கை நீளமா? பெரும்பாலும் பிடிக்காமல் போவதில்லை, எங்கோ ஓரிடத்தில் உறுத்துகிறது. அந்த ஓரிடத்தைப் பிரித்துப் பின்ன ஒரு மாலை போதும்.

பழைய ஸ்வெட்டரைப் பிரித்து அந்த நூலில் பின்னலாமா?

தாராளமாக. மெஷினில் இறுகிப்போனதைத் தவிர எதையும் பிரிக்கலாம். தையலை முதலில் அறுத்து, மூடிய முனையிலிருந்து இழுக்க வேண்டும். அந்த மெரூன் ஸ்வெட்டரை அப்படித்தான் பிரித்தேன். நாற்காலி முதுகில் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, குளிர்ந்த நீரில் நனைத்து, கீழே ஒரு சின்னப் பாரம் கட்டித் தொங்கவிட்டால் சுருள் நிமிர்ந்துவிடும். சுருளோடு பின்னினால் கண்ணி ஒழுங்காக வராது. தேய்ந்த இடங்களை வெட்டிப் போட்டது போக 500 கிராம் கிடைத்தது. மகளுக்கு மெரூன் பிடிக்கும். தலைச் சுற்று 55 என்று அளந்து அனுப்பிவிட்டாள், குனிந்த அளவு இன்னும் வரவில்லை, அதற்காகக் காத்திருக்கிறேன்.